டெண்ட் அடிச்சது யாரு, தூங்கினது யாரு, கிளம்பச் சொன்னது யாரு?

இந்த எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியிலேர்ந்து வந்தது. "ப்ரோ, கேம்பிங்னு ஒண்ணு தமிழ் வரலாற்றுல இருக்கா, இல்ல அது முழுக்க இன்ஸ்டாகிராம் இறக்குமதியா?"

நான் பூவத்துக்காரன். காரைக்கால்லேர்ந்து தரங்கம்பாடி போற ரோட்ல, புதுச்சேரி எல்லை முடியற இடத்துல இருக்கிற ஊர். அந்தப் பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல், பக்கத்துல நண்டலாறு. காடும் கிடையாது, மலையும் கிடையாது. எங்க ஊர்ல வெட்ட வெளியில ராத்திரி படுக்கிறதுன்னா ஒண்ணு களத்துல நெல்லுக்குக் காவல், இல்ல கோடையில கரண்ட் போன மொட்டை மாடி. அதனால இந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்போ, முதல்ல எதுவும் கிடைக்காதுன்னுதான் நினைச்சேன். கிடைச்சது நிறைய.

தேடினதையெல்லாம் வரிசைப்படுத்த மூணு கேள்வி வெச்சுக்கிட்டேன். டெண்ட் அடிச்சது யாரு? அதுக்குள்ள தூங்கினது யாரு? எப்போ கிளம்பணும்னு முடிவு பண்ணினது யாரு? இந்த எபிசோட் முழுக்க இந்த மூணையும் கையில வெச்சுக்கோங்க. 2,000 வருஷம் தாண்டி, கடைசியில கனடாவுல ஒரு ஏரிக்கரை வரைக்கும் போகப் போறோம்.

நப்பூதனாரோட பாசறை

எங்க ஊர்லேர்ந்து வடக்கே பைக்ல போனா, முக்கால் மணி நேரத்துல பூம்புகார். பழைய காவிரிப்பூம்பட்டினம். அந்த ஊர்ப் பொன் வணிகர் ஒருத்தரோட மகன்தான் நப்பூதனார். பத்துப்பாட்டுலயே சின்னதான முல்லைப்பாட்டு அவர் எழுதினது. மொத்தம் 103 அடிதான். ஸ்கூல்ல "கார்காலம், காத்திருத்தல், முல்லைத் திணை"ன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்திருப்போம். ஆனா அதோட நடுப்பகுதி என்ன தெரியுமா? காட்டுல ஒரு கேம்ப் எப்படிப் போடறதுன்னு விவரமான வர்ணனை.

இடம், காட்டாறு ஓடற அகலமான முல்லை நிலம். முதல்ல புதர்களை வெட்டித் தள்ளறாங்க. அங்கே இருந்த வேட்டுவர்களோட சின்ன அரண்களை அழிக்கிறாங்க. (இந்த வரியை மறக்காதீங்க, கடைசியில தேவைப்படும்.) அப்புறம் காட்டு முள்ளையே வெட்டி மதில் மாதிரி வேலி. உள்ளே தழை வேய்ஞ்ச குடிசைகள், வரிசையா, தெரு தெருவா. முச்சந்தியில காவலுக்கு யானை. அது கரும்பைத் தின்னாம நெத்தியைத் துடைச்சுக்கிட்டு நிக்குது, பாகர்கள் வடமொழிச் சொற்களைச் சொல்லி அதட்டிச் சாப்பிட வைக்கப் பார்க்கிறாங்க. வீரர்கள் வில்லை ஊனி, அதுல அம்புத்தூணியைத் தொங்கவிட்டு, கம்பம் நட்டு, கயிறு இழுத்துக் கட்டி இருப்பிடம் பண்றாங்க. அதாவது ஆயுதமே டெண்ட் போல்.

அதுக்கு நடுவுல அரசனுக்குத் தனியா துணித் திரை கட்டின இடம். அதைச் சிறப்பா அமைச்சவங்க யவனர்கள். சட்டை போட்ட, பேசாம சைகையில பேசற மிலேச்சர்கள் காவல். இடுப்புல குறுவாள் செருகின பெண்கள் விளக்குக்கு எண்ணெய் ஊத்தித் திரி ஏத்தறாங்க. நீர்க்கடிகாரம் பார்த்து மணி சொல்ல ஆட்கள் இருக்காங்க.

இப்போ நம்ம மூணு கேள்வியைப் போடுவோம். டெண்ட் அடிச்சது வீரர்களும் யவனர்களும். தூங்கினது யாரு? இங்கேதான் நப்பூதனார் ஒரு விஷயம் வைக்கிறார். உள்ளே படுத்திருக்கிற அரசனுக்குத் தூக்கம் வரலை. வெட்டுப்பட்ட யானைகளையும், செத்துப்போன வீரர்களையும், அம்பு பட்டுத் தீனி எடுக்காம நிக்கிற குதிரைகளையும் நினைச்சுக்கிட்டுக் கிடக்கிறான். அந்தப் பக்கம் வீட்டுல அவன் மனைவிக்கும் தூக்கம் இல்லை. கிளம்பற நேரத்தை முடிவு பண்றது போர். அது முடிஞ்சாத்தான் வீடு.

ஆக, தமிழ்ல நமக்குக் கிடைக்கிற பழைய விரிவான கேம்ப் வர்ணனைகள்ல ஒண்ணு இது. இதுல யாருமே ஜாலிக்குப் போகலை. பாசறைங்கிற சொல் ராணுவத்தோட சொல்.

"ஐயா கேம்ப் போயிருக்கார்"

அப்புறம் சொல் மாறுது. "முகாம்"ங்கிறது அரபியிலேர்ந்து பாரசீகம், உருது வழியா வந்து நம்ம நிர்வாகத் தமிழ்ல உட்கார்ந்த சொல். தங்குமிடம்னு அர்த்தம். கம்பெனி ஆட்சியும் அதுக்கப்புறம் வந்த பிரிட்டிஷ் ஆட்சியும் வரி வசூல் பண்ணினது ஊர் ஊரா போய்த்தான். கலெக்டர் ஜமாபந்திக்குக் கிளம்பினா, மாட்டு வண்டியில டெண்ட், மேஜை, கட்டில், கணக்குப் பெட்டி எல்லாம் போகும். டெண்ட் அடிக்கறதுக்குன்னே ஆட்கள் உண்டு, அவங்களுக்குக் கலாசின்னு பேரு. துரை வந்து இறங்கும்போது எல்லாம் தயாரா இருக்கணும்.

இதோட மிச்சம் இன்னிக்கும் நம்ம பேச்சுல இருக்கு. தாலுக்கா ஆபீஸ்ல போய் நின்னா "ஐயா கேம்ப் போயிருக்கார்"னு சொல்வாங்க. கலெக்டர் வீட்டு ஆபீஸுக்குப் பேரே "முகாம் அலுவலகம்". டெண்ட் போயி நூறு வருஷம் ஆனாலும் சொல் போகலை.

ஏரிக்கரைக் கேம்ப்புக்கு வருவோம். இதுக்குத் தமிழ்நாட்டுல கிட்டத்தட்டப் பொருந்துற உதாரணம் கொடைக்கானல். 1821-இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை சர்வே பண்ண ஏறினார். 1845-இல் மதுரையில இருந்த அமெரிக்க மிஷன்காரங்க மேலே ரெண்டு பங்களா கட்டினாங்க. காரணம் சுற்றுலா இல்லை. சமவெளியில காய்ச்சலும் காலராவும் அவங்க குடும்பங்களைக் கொண்டுபோயிட்டு இருந்தது. உயிர் பிழைக்க மேலே போனாங்க. 1863-இல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச், ஓடையைத் தடுத்து அணை போட்டு இன்னிக்கு நாம படகு ஓட்டற அந்த ஏரியை உருவாக்கினார். அது இயற்கை ஏரி இல்லைங்கிறது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும்.

அப்போ மேலே போக மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்துல மலையடிவாரத்துலேர்ந்து ஒரு செங்குத்தான பாதை. அதுக்குப் பேரே "கூலி காட்". துரைமார், துரைசானிகள், குழந்தைகள், பெட்டி, படுக்கை எல்லாத்தையும் டோலியிலயும் நாற்காலியிலயும் வெச்சுத் தோள்ல தூக்கிட்டு ஏறினவங்க தமிழ்க் கூலிகள். குளிர்ல ஏரியைப் பார்த்து உட்கார்ந்து வீட்டை நினைச்சுக்கிட்டவங்க வேற ஆளு.

மூணு கேள்விக்கும் இங்கே பதில் ரொம்பத் தெளிவு. அடிச்சது ஒருத்தர். தூங்கினது இன்னொருத்தர். கிளம்பற நாளை முடிவு பண்ணினது தூங்கினவர்.

டிப்போ, மண்டபம், நிவாரணம்

இதே காலத்துல இன்னொரு வகை முகாமும் வளருது. இதுல தூங்கினது நம்ம ஆட்கள்.

எங்க காரைக்கால் பிரெஞ்சுத் துறைமுகம். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகள்ல அடிமை முறை ஒழிஞ்சதும், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டுது. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒரு ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலேர்ந்தும் ஆள் எடுக்க வழி பண்ணிக்கிட்டாங்க. பாண்டிச்சேரியிலயும் காரைக்கால்லயும் கப்பல் ஏத்தி ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப்னு அனுப்பினாங்க. கப்பல் வர்ற வரைக்கும் ஆட்களை அடைச்சு வெச்ச இடத்துக்கு டிப்போன்னு பேரு. நாம பஸ் நிக்கிற இடத்துக்குச் சொல்ற அதே டிப்போ.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்களுக்கு மண்டபம். ராமேஸ்வரம் போற வழியில இன்னிக்கும் "மண்டபம் கேம்ப்"னு ஒரு ரயில் நிலையமே இருக்கு. பெயர் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணுல நடத்தின தனிமைப்படுத்தும் முகாம் அது. தோட்டத்துக்குப் போறவங்களை அங்கே சில நாள் நிறுத்தி, நோய் இருக்கான்னு பார்த்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில ரயிலோட இணைஞ்ச கப்பல் ஓட ஆரம்பிச்சதும் அந்த வழி இன்னும் பரபரப்பாச்சு.

1983 கலவரத்துக்குப் பிறகு அதே மண்டபத்துக்கு எதிர்த்திசையிலேர்ந்து ஆட்கள் வந்தாங்க, அகதிகளா. சில குடும்பங்களுக்கு அது தாத்தா போன வழியில பேரன் திரும்பின மாதிரி. தமிழ்நாடு அரசு 2021-இல் "அகதிகள் முகாம்"ங்கிற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு மாத்துச்சு. முன்பாதி மாறிச்சு. முகாம்ங்கிற பின்பாதி அப்படியே இருக்கு.

எங்க தலைமுறைக்கு, அதுவும் கடற்கரைக்காரங்களுக்கு, முகாம்னா 2004 டிசம்பர் 26. அன்னிக்கு நான் சின்னப் பையன். எங்க தெருவுக்குத் தண்ணி வரலை, கடலோரக் குப்பங்களுக்கு வந்துது. ஸ்கூல், கல்யாண மண்டபம் எல்லாம் நிவாரண முகாம் ஆச்சு. அரையாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தப்போ, என் கூடப் படிச்ச பசங்க சில பேர் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புலேர்ந்து வந்தாங்க. "எப்போடா உங்க வீட்டுக்குப் போவீங்க?"னு கேட்டா, "தெரியாது"ன்னு சொல்வாங்க. அந்தத் "தெரியாது"தான் நம்ம மூணாவது கேள்வி.

அப்போ ஜாலிக் கேம்பிங் எங்கேர்ந்து வந்துச்சு?

வட அமெரிக்காவுலேர்ந்து. இன்னும் சரியாச் சொன்னா, அங்கே இருந்த நகரங்களோட புகையிலேர்ந்து. 1869-இல் வில்லியம் மர்ரேன்னு பாஸ்டன்ல ஒரு பாதிரியார், நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் காட்டு ஏரிகள்ல படகு ஓட்டி, டெண்ட்ல தங்கின அனுபவத்தைப் புத்தகமாப் போட்டார். உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, எல்லாரும் வாங்கன்னு எழுதினார். புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்தக் கோடையிலயே கூட்டம் காட்டுக்குக் கிளம்பி, கொசுக்கடியிலயும் மழையிலயும் மாட்டி, பத்திரிகைகள் அவங்களுக்கு "மர்ரேயோட முட்டாள்கள்"னு பேர் வெச்சுச்சு. ஆனா கூட்டம் நிக்கலை. வீடு இருக்கிறவன் வேணும்னே வீட்டை விட்டு வெளியில போய் ரெண்டு நாள் படுத்துட்டு வர்றதுங்கிற பழக்கம் பரவ ஆரம்பிச்சுது.

வடக்கே, கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 1893-இல் அல்கான்குவின் பூங்காவை உருவாக்கினாங்க. அந்த மாகாணத்தோட முதல் மாகாணப் பூங்கா. இன்னிக்கு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். உள்ளே 1,500-க்கு மேல ஏரிகள். ஒரு விஷயம் கவனிங்க, மரம் வெட்டறதை நிறுத்தறதுக்காக அதை உருவாக்கலை. பைன் மர வியாபாரம் அங்கே பல பத்து வருஷமா நடந்துட்டு இருந்தது. காட்டை அழிச்சு விவசாயம் பண்ண ஆட்கள் குடியேறிடக் கூடாது, ஆறுகள் உற்பத்தியாகற இடம் காப்பாத்தப்படணும், மரமும் தொடர்ந்து கிடைக்கணும். அதான் திட்டம். இன்னிக்கும் உள்ளே ஒரு பகுதியில மரம் வெட்டறாங்க. முதல்ல மரம் ஏத்தப் போட்ட ரயில்ல பயணிகள் வந்தாங்க. 1930-களில் ஹைவே 60 போட்டதும் கார்ல குடும்பம் குடும்பமா வர ஆரம்பிச்சாங்க.

கார் வந்ததும் ஒரு பிரச்சனை. இது எஞ்சினியர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல எமிலியோ மெய்னெக்கின்னு ஒரு தாவர நோய் நிபுணர். கலிபோர்னியாவுல பெரிய பெரிய மரங்கள் கேம்ப் போடற இடங்கள்ல மட்டும் ஏன் வாடுதுன்னு பார்த்தார். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காரும் காலும்தான் காரணம். ஆளாளுக்கு மரத்தடியில காரை நிறுத்தி, மண்ணை இறுக்கி, வேருக்குத் தண்ணியும் காத்தும் போகாமப் பண்றாங்க. "போகாதே"ன்னு போர்டு வெச்சா யார் கேப்பா? அவர் 1932-இல் ஒரு டிசைன் கொடுத்தார். ஒருவழிப் பாதையா ஒரு வளையம். அதுலேர்ந்து ஒவ்வொரு இடத்துக்கும் சாய்வா ஒரு சின்ன கிளை, கார் அங்கே மட்டும்தான் நிக்க முடியும். ஓரத்துல பாறையோ மரக்கட்டையோ. அசைக்க முடியாத மேஜை, அசைக்க முடியாத அடுப்பு. மேஜை எங்கேயோ அங்கேதான் மனுஷன் உட்காருவான், அதனால கால் படற இடமும் தானா முடிவாயிடும். யூசரைத் திட்டாம லேஅவுட்டை மாத்தின மனுஷன். இன்னிக்கு உலகத்துல எங்கே போய் கேம்ப் சைட் நம்பர் 14-ல காரை நிறுத்தினாலும், நீங்க மெய்னெக்கி போட்ட கோட்டுலதான் நிக்கறீங்க.

ஏரிக்கரையில

ஒரு ப்ராஜெக்ட்டுக்காக நான் டொரான்டோவுல சில மாசம் இருந்தேன். டீம்ல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவர். ஜூலை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் குடும்பத்தோட என்னையும் அல்கான்குவினுக்குக் கூட்டிட்டுப் போனார். டொரான்டோவுலேர்ந்து மூணு மணி நேரப் பயணம். இடம் பிடிக்க அவர் அஞ்சு மாசம் முன்னாடி காலையில 7 மணிக்கு வெப்சைட் முன்னால உட்கார்ந்திருந்தாராம். நம்ம ஊர் தத்கால் தோத்துடும்.

எல்லா வசதியும் இருக்கிற இடம் இல்லை அது. கரண்ட் கிடையாது, ஷவர் கிடையாது, குழிக் கக்கூஸ். ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், சுத்தி பைன் மரம், இருபது அடியில ஏரி. விறகை வெளியூர்லேர்ந்து கொண்டு வரக் கூடாது, மரத்தைத் தின்கிற வண்டு அதுல ஒளிஞ்சு வந்துடும்னு அங்கேயே வாங்கச் சொல்றாங்க. சாப்பாட்டை டெண்ட்ல வைக்கக் கூடாது, கரடி வரும். பற்பசைகூட காருக்குள்ளதான்.

டெண்ட் அடிக்கறதை எனக்குக் கத்துக் கொடுத்தது அவர்தான். நான் முளையை நேரா இறக்கிட்டு இருந்தேன். "தம்பி, முளையைச் சரிச்சு அடியும். நேரா அடிச்சா காத்துக்குக் கழண்டு வந்திடும்" என்றார். "எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"னு கேட்டேன், ஏதோ யூட்யூப் சேனல் பேர் சொல்லுவார்னு நினைச்சு. "செட்டிகுளத்தில" என்றார்.

செட்டிகுளம், வவுனியா மாவட்டம். மெனிக் ஃபார்ம். 2009 மே மாசம் போர் முடிஞ்சப்போ வன்னியிலேர்ந்து வந்த மக்களை முள்கம்பிக்குள்ள வெச்ச முகாம். 2 லட்சத்துக்கும் அதிகமானவங்க அங்கே இருந்தாங்க. அந்த வருஷம் டிசம்பர் வரைக்கும் அவங்க நினைச்சா வெளியில போய் வர முடியாது. கடைசி ஆட்கள் வெளியேறி முகாம் மூடினது 2012 செப்டம்பர்ல. அவருக்கு அப்போ பதினாறு வயசு. அவரும் அவங்க அம்மாவும் ஒரு டெண்ட்ல இன்னொரு குடும்பத்தோட இருந்திருக்காங்க.

அந்த அம்மாவும் எங்களோட ஏரிக்கு வந்திருந்தாங்க. நெருப்பு மூட்டினது அவங்கதான். ஈர விறகை நாங்க ரெண்டு எஞ்சினியர் ஊதி ஊதி அரை மணி நேரம் முயற்சி பண்ணினோம். அவங்க வந்து விறகைப் பிரிச்சு அடுக்கி, பட்டையை உரிச்சு அடியில வெச்சு, ரெண்டு நிமிஷத்துல பத்த வெச்சுட்டாங்க. புட்டும் சம்பலும் வீட்லேர்ந்து வந்திருந்தது. இருட்டினதும் ஏரியிலேர்ந்து ஒரு சத்தம், யாரோ தூரத்துல சிரிக்கிற மாதிரியும் இருக்கு, அழற மாதிரியும் இருக்கு. லூன்னு ஒரு நீர்ப்பறவை. கனடாவோட ஒரு டாலர் காசுல இருக்கே, அதுதான். பேத்தி பயந்துபோய் அப்பத்தா மடியில ஏறிக்கிட்டா.

படுக்கப் போகும்போது அம்மா டெண்டுக்குள்ள வரலை. கார் பின் சீட்டை மடிச்சு அங்கே படுத்துக்கிட்டாங்க. மகன் கட்டாயப்படுத்தலை. "அவ இனிக் கூடாரத்துக்குள்ள படுக்க மாட்டா" என்றார் என்கிட்ட, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி அம்மா கார் ஜன்னல்லேர்ந்து ஒண்ணு கேட்டாங்க: "நாளைக்கு எத்தினை மணிக்கு எங்களை விடுவினம்?"

அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னார்: "ரெண்டு மணிக்குள்ள இடத்தைக் குடுக்க வேணும் அம்மா. ஆனா நாங்கள் நினைச்சா இப்பவும் வெளிக்கிடலாம்."

காலையில அஞ்சரை மணிக்கு எழுந்து பார்த்தேன். ஏரி மேல வெள்ளையா மூடுபனி. அம்மா அடுப்புல தேத்தண்ணி வெச்சுட்டு, பேத்தியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தண்ணியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. கிளம்பற பேச்சை அவங்க எடுக்கலை. நாங்க ஒண்ணே முக்காலுக்குத்தான் கிளம்பினோம்.

இப்போ மூணு கேள்வி

1986 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு உயிர்காப்புப் படகுல மிதந்துட்டு இருந்த 155 தமிழர்களை மீன்பிடிப் படகுக்காரங்க காப்பாத்தினாங்க. 2010-இல் சன் சீ கப்பல் 492 பேரோட போச்சு, அவங்கள்ல பல பேரை மாசக் கணக்குல தடுப்புக் காவல்ல வெச்சாங்க. அப்படிப் போனவங்களோட பிள்ளைகள் இன்னிக்கு வார இறுதியில ஏரிக்கரையில டெண்ட் அடிக்கிறாங்க. கனடாவோட தேசியப் பூங்காத் துறை 2011-இல் "கேம்பிங் கத்துக்கோங்க"ன்னு ஒரு திட்டமே தொடங்கிச்சு, முக்கியமா புதுசாக் குடியேறினவங்களுக்காக. டெண்ட் எப்படி அடிக்கறதுன்னு சொல்லித் தர்றது நல்ல விஷயம்தான். ஆனா வர்றவங்கள்ல சில பேர் அதை ஏற்கெனவே வேற இடத்துல கத்துக்கிட்டு வந்தவங்க.

அந்த ஏரிக்கரையில எனக்குப் புதுசாப் பட்டது இதுதான். டெண்ட் அடிச்சது நாங்க, அதுல தூங்கினது நாங்க, எப்போ கிளம்பணும்னு முடிவு பண்ணினதும் நாங்க. மூணு கேள்விக்கும் ஒரே பதில். பாசறையில அப்படி இல்லை, கொடைக்கானல்ல அப்படி இல்லை, டிப்போவுலயோ மண்டபத்துலயோ செட்டிகுளத்துலயோ அப்படி இல்லை. துணி ஒண்ணுதான், கயிறும் முளையும் ஒண்ணுதான். அதை விளையாட்டா மாத்தறது, திரும்பிப் போக ஒரு வீடும், கிளம்பற உரிமையும்.

நான் முல்லைப்பாட்டுல ஒரு வரியை மறக்காதீங்கன்னு சொன்னேன். பாசறை போடறதுக்கு முன்னாடி வேட்டுவர்களோட அரணை அழிச்சாங்க. அல்கான்குவினும் காலி இடம் இல்லை. அந்தப் பெயரே அங்கே வாழ்ந்த அல்கான்குவின் பழங்குடி மக்களோடது. நாம சந்தோஷமா வாடகைக்கு எடுத்து ஓட்டற கனூ, பிர்ச் மரப்பட்டையில அவங்க மாதிரி மக்கள் செஞ்ச படகோட வாரிசு. பூங்கா வந்ததும் வேட்டைக்கும் பொறி வைக்கறதுக்கும் தடை. அதை நம்பி வாழ்ந்தவங்க சொந்தக் காட்டுல குற்றவாளி ஆனாங்க. அவங்களோட நில உரிமைக் கோரிக்கையில கனடா அரசும் ஒன்டாரியோ அரசும் ஒரு கொள்கை அளவிலான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது 2016-இல்தான். அதனால கேள்வியை நாலா ஆக்கணும் போல: நமக்கு முன்னாடி இங்கே படுத்திருந்தது யாரு?

நம்ம பக்கமும் இதே கேள்வி இருக்கு. பழனி மலையில பளியர்கள் இருக்காங்க, அவங்க காட்டுல தங்கறதை யாரும் கேம்பிங்னு சொல்றதில்லை. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 23 பேர் இறந்தப்புறம், தமிழ்நாட்டுல காட்டுக்குள்ள போறதுக்குத் தனி விதிகள் வந்துது. இப்போ வனத்துறையே வழித்தடங்களைத் திறந்து வழிகாட்டிகளோட அனுப்புது. பேரிஜம் ஏரிக்கு அனுமதிச் சீட்டு வேணும். நம்ம ஊர்ல குடும்பத்தோட போய்ப் படுத்து எழுந்து வர்ற மாதிரி, குறைஞ்ச செலவுல, ஒழுங்கான ஏரிக்கரை இடம் வரணும்னு எனக்கு ஆசைதான். வந்தா மெய்னெக்கி மாதிரி வேரையும் பார்க்கிற ஆள் ஒருத்தர் அதை வரையணும். அந்தக் காட்டை வீடா வெச்சிருக்கிறவங்களையும் கேட்டு வரையணும்.

கேள்வி கேட்ட நேயருக்குப் பதில்: ஆமா, இருக்கு. நிறைய இருக்கு. ஆனா நம்ம வரலாற்றுல கேம்ப்புக்குப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க டிக்கெட் எடுத்துப் போகலை.

மக்களே, உங்க வீட்டுல பெரியவங்க யாராவது எந்த முகாம்லயாவது இருந்திருக்காங்களா? மண்டபமோ, சுனாமியோ, வெள்ளமோ, பர்மாவிலேர்ந்து நடந்து வந்த கதையோ. அவங்க பேச விரும்பினா மட்டும் கேளுங்க. ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட்டா அனுப்பினா, அவங்க அனுமதியோட, பேர் சொல்லாம ஒரு தனி எபிசோடாப் போடலாம். அடுத்த வாரம் வேற தலைப்போட வர்றேன்.